பின்பக்கத்து மூன்று இழுப்பறைகள்

ஹலோ… ம், நான்தான் அண்ணா. சொல்லு. …தையல் கூடத்துலதான் இருக்கேன், மெஷின் சத்தம். இரு, படிக்கட்டுக்கு வந்துடறேன்.

…ம், இப்போ கேட்குது. …அப்பாவோட மேஜையா? அதை ஏன் நகர்த்தினீங்க? …சரி, சரி. நான் ஒண்ணும் சொல்லல.

…ஆமா, தெரியும். சுவரை ஒட்டிக் கிடந்த பக்கம் மூணு டிராயர். …மறைக்கல அண்ணா. யாரும் கேட்கல, நானும் சொல்லல.

…சாவியா? அதுக்குச் சாவியே கிடையாது. …துவாரம் இருக்கு, சரி. பித்தளைத் தகடு வச்சு அடிச்சிருக்கு, அவ்வளவுதான். அது டிராயரே இல்ல. வெறும் முகப்பு.

…கதை விடல. அப்பாதான் சொன்னார். யாரோ அந்தக் காலத்து ஆசாரி போட்ட படத்துல, ரெண்டு பேர் எதிரெதிரா உட்கார்ற மேஜையாம் அது. ரெண்டு பக்கமும் டிராயர். நம்மளோடதைச் செஞ்சவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் செஞ்சார், அகலத்தை மட்டும் பாதியாக் குறைச்சுட்டார். பின்னாடி டிராயருக்கு இடமே இல்ல. அழகுக்கு முகப்பை விட்டு வச்சிருக்கார்.

…ஆறு வருஷமா அதைத் துடைச்சு எண்ணெய் போட்டது நான்தானே அண்ணா. முன்பக்கத்து டிராயரை முழுசா உருவிட்டு உள்ள கையை விடேன். பின்பலகை தட்டும். …கை விட்டுப் பார்க்குறதுல என்ன வந்துச்சு?

…கேட்டுச்சு. ஊமை ஊரைக் கெடுக்கும்னு அண்ணி சொன்னது நல்லாவே கேட்டுச்சு.

…அப்பா உயில் எழுதவே இல்ல அண்ணா. வீட்டை யாருக்குன்னு எழுதணும், எழுதணும்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தார். பேனாகூட எடுத்துக் குடுத்தேன். நாளைக்குன்னார். …உன் பேருக்கு எழுதிட்டேன்னாரா? சொல்லியிருப்பார். என்கிட்ட என் பேருக்குன்னார்.

…இல்ல, சிரிக்கல. இதுல சிரிக்க என்ன இருக்கு?

…அது என்ன சத்தம்? …உளியா? வேண்டாம் அண்ணா. நான் அரை நாள் லீவு சொல்லிட்டு வரேன், நானே உருவிக் காட்டறேன். ஒரு மணி நேரம் பொறு. …அண்ணா.

…ம்.

…ம். உடைஞ்சுதா.

…என்ன இருக்கு? பலகைதானே. நான்தான் சொன்னேனே.

…புரியல. எப்போ எடுத்தேனா?

…எதை எடுத்தேன்? அதுக்குள்ள ஒரு தாளை வைக்கக்கூட இடம் இல்லையே, நீயே இப்போ பார்க்குறியே. வைக்கவே முடியாத இடத்துலேர்ந்து எப்படி எடுப்பேன்?

…ஆமா, ஆமா. இன்னும் ரெண்டு இருக்கு.

…உடை. நான் தடுக்கல. …இல்ல, ஃபோனை வைக்க மாட்டேன், லைன்லயே இருக்கேன். நீ மூணையும் உடைச்சுப் பார்த்துட்டு, சாயந்திரம் நான் வீட்டுக்கு வரலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லிடு.

…

…ம், ரெண்டும் உடைஞ்சது கேட்டுச்சு. இப்போ சொல்லு.

…அண்ணா?

…ஹலோ?