வழுக்கி விழுந்தவர்களுக்குச் சாட்சி

என் பெயர் சவரிராயன், வயது 63, தந்தை பெயர் மாசிலாமணி. ஒலக்கூர் அருகே மாதா கோயில் தெருவில் குடியிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம் செய்கிறேன். எட்டாவது வரை படித்தேன். அந்தக் கால எட்டு இந்தக் காலப் பட்டப்படிப்புக்குச் சமம்.

போலீஸ் காவலில் இறந்த அலெக்ஸ் எங்கள் தெரு ஜெசிந்தாவின் மகன். அந்தோணி பிரபு என் அக்காள் மகன். அவன் சப்-இன்ஸ்பெக்டர் வேலையை விட்டுவிட்டு, போலீஸ் ஏன் அடிக்கிறது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கி, விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருக்கிறான். ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்ததாகச் சொல்லப்படுகிறவர்களுக்கு அவர்கள் சொந்தக்காரர்களே ஏன் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதுதான் அவன் ஆராய்ச்சி. டெல்லியிலிருந்து அவனுக்குத் தினமும் போன் வரும். விசாரிக்கும் மாஜிஸ்திரேட் ஐயா தாங்கள் கேட்பதால், இரண்டு முறை வந்தது என்று சொல்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை திருட்டு வழக்கென்று அலெக்ஸை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். ஜெசிந்தா அழுததால் நானும் பிரபுவும் அவள் தங்களுக்குக் கொடுத்துள்ள மனுவில் கண்ட காவல் நிலையத்துக்குச் சென்றோம். வாசலில் அலெக்ஸின் செருப்பு கிடந்தது. பிரபு தணிந்துதான் பேசினான். அதன் பிறகு நான், "யாருன்னு நெனச்சிக்கினு பேசறீங்க? உங்க பாத்ரூமைப் பத்தியே புக்கு எழுதி டாக்டரானவருங்க" என்றேன். ஏட்டு சிரித்து, "அப்டிங்களா டாக்டரே? ஜல்தி வாங்க, வழுக்குதான்னு நேர்லயே பாத்துக்கினு போங்க" என்று அவனை உள்ளே கூட்டிப் போனார். அதன் பிறகு கதவைச் சாத்தினார்கள். அலறல் கேட்டது. அது பிரபுவின் குரல் என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

அதன் பிறகு அவன் வெளியே வந்தபோது வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவன் வழுக்கி விழுந்ததைக் கண்ணால் கண்டதாக என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். மறுத்தேன். பிரபு, "போடுங்க மாமா. போட்டாதான் அலெக்ஸைக் காலையில வுடுவாங்களாம். எல்லாரும் இதுக்குத்தான் போட்டிருக்காங்க" என்றான். போட்டேன்.

காலையில் அலெக்ஸைப் பிணவறையில் காட்டினார்கள். அவனும் வழுக்கி விழுந்தானாம். அதை ஒப்புக்கொண்டு உடலை வாங்கிக்கொள்ளும்படி ஜெசிந்தாவிடம் பேனாவைக் கொடுத்தார்கள். அவள் பிரபுவிடம், "படிச்ச புள்ள நீ சொல்லு தம்பி, போடட்டுமா?" என்று கேட்டாள். அவன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதன் பிறகு நான்தான் மைக் பிடித்தது போலக் கணீரென்று, "போடாதம்மா" என்றேன். உடல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஸ்டேஷனில் நான் போட்ட கையெழுத்து பொய். இதைப் படித்துக் காட்டக் கேட்டு, ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் இருப்பதால் கீழே போடுவது மெய்.

(ஒப்பம்) மா. சவரிராயன்