நாலாம் நம்பர் சளி

— உக்காரு மகராசி. கோட்டைக்கூடக் கழட்ட வேணாம், ரெண்டே நிமிஷம். இந்தத் திரையைப் பாரு. பதினொண்ணு, பதினேழு.

— பாத்துட்டேன்க்கா. காய்ச்சல் வந்த நம்ம ஆளுங்க சாம்பிள். ஆய்வுக்கூடத்துல நம்பர் மட்டும்தான் தெரியணும், ஆள் யாருன்னு தெரியக் கூடாதே.

— எனக்குத் தெரியும். பதினொண்ணு என் வீட்டுக்காரர். பதினேழு நீ.

— பதிவேட்டைத் திறந்தீங்களா? அதோட சாவி என்கிட்டதானே இருக்கு?

— டிராயர்ல போட்டுட்டு கை கழுவப் போனியே, அப்போ. அந்த ரெண்டு பேரை மட்டும்தான் பாத்தேன். அதுவே போதும் எனக்கு.

— சரி, என்ன கண்டுபிடிச்சீங்க?

— ஃப்ளூ வைரஸ் தன்னைத்தானே காப்பி எடுக்கும். எடுத்ததைத் திருப்பிப் படிக்காது. அதோட மரபணுவுல எங்கயாவது ஒரு எழுத்து தப்பாகும். அந்தத் தப்போடயே அடுத்த மூக்குக்குத் தாவும். இந்த ஊர்ல எடுத்த எழுபது சாம்பிள்ல, அறுநூத்து நாப்பதாவது எழுத்து மாறியிருக்கிறது ரெண்டே பேர்கிட்டதான். அவர்கிட்ட. உன்கிட்ட.

— அதனால?

— அதனாலயா? அவர் வேலை பாக்கிற ஸ்டோருக்குக் கையுறை வாங்கப் போனா உனக்கு முக்கால் மணி நேரம் ஆகுது. 'அந்தப் பொண்ணு கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு'ன்னு என் முன்னாடியே உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டே சொல்றார். பன்னண்டு வருஷமா என் கையெழுத்தும் அந்த வீட்டுலதான் கிடக்கு, ஒரு வார்த்தை வந்ததில்ல. மழை வந்தா உன்னை வண்டியில பஸ் ஸ்டாப் வரைக்கும் விடுறார். நான் பின்னாடி நனைஞ்சுக்கிட்டு வர்றேன்.

— ஸ்டோர்ல அவர் பேசுறது பூராவும் உங்களைப் பத்திதான்க்கா. நீங்க இப்பல்லாம் வீட்ல வாயே திறக்கறதில்லையாம்.

— அதையும் உன்கிட்ட ஒப்பிச்சாச்சா? பாவம் உன் வீட்டுக்காரர். மெஷின் ரிப்பேர், மெஷின் ரிப்பேர்னு ஊர் ஊரா அலையறார், நீ இங்க...

— அவர் மேல உங்களுக்கு எப்பவுமே இரக்கம் ஜாஸ்தி. பொறுங்க. பதினொண்ணுல இன்னொரு எழுத்தும் மாறியிருக்கே, அதைப் பாத்தீங்களா? பதினேழுல வேற ஒண்ணு. அவரோட தப்பு என்கிட்ட இல்ல. என்னோடது அவர்கிட்ட இல்ல.

— இருந்துட்டுப் போகட்டும்.

— எப்படி இருந்துட்டுப் போகும்? அவர் எனக்குக் குடுக்கல, நான் அவருக்குக் குடுக்கல. அறுநூத்து நாப்பது மட்டும் மாறின மூணாவது ஆள் ஒருத்தர், எங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா குடுத்திருக்கணும். அவரோட ஒரே வீட்ல இருக்கிற ஆள். என்னோட ஒரே மேஜையில சாப்பிடுற ஆள்.

— நானா? எனக்கு வந்தது வெறும் ஏசிச் சளி.

— கருத்தரங்கு முடிஞ்சு கடற்கரை ஊர்லேருந்து வந்த அன்னிக்கே இருமினீங்க. அப்போ இங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. சாம்பிள் குடுங்கன்னு மூணு தடவை கேட்டேன்.

— வேலை இருந்துச்சு.

— அதான், நீங்க கழட்டிப் போட்ட மாஸ்க்லேருந்து நானே எடுத்தேன். காலையில ரிசல்ட் வந்துச்சு. அறுநூத்து நாப்பது மட்டும்.

— என்னைக் கேக்காமயா?

— நீங்க என்னைக் கேட்டுட்டா பதிவேட்டைத் திறந்தீங்க?

— சரி விடு. வீட்டுக்குக் கொண்டு போனதும் நான்தான், உனக்கு ஒட்டவெச்சதும் நான்தான். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத. ரிப்போர்ட்டை அனுப்பிட்டுக் கிளம்பலாம்.

— உங்களுக்கு யார் குடுத்தாங்கன்னு எழுத வேணாமா?

— நூறு பேர் வந்த கருத்தரங்கு. எவன் தும்மினானோ.

— நாலாம் நம்பர்க்கா. அந்தக் கடற்கரை ஊர் ஆஸ்பத்திரி அனுப்பின சாம்பிள். அதுல அறுநூத்து நாப்பது இன்னும் மாறவே இல்ல. உங்களோடதுக்கும் அதுக்கும் வித்தியாசம் அந்த ஒரே எழுத்து; மத்த எந்த சாம்பிளும் இவ்வளவு கிட்ட இல்ல. நாலாம் நம்பர் யாருன்னு நீங்க பாக்கலையா?

— நான் எதுக்குப் பாக்கணும்? திரையை அணை. கண்ணு வலிக்குது.

— நான் பாத்தேன். எங்க வீட்டுக்காரர். மலை ஊர்ல மெஷின் கெட்டுப் போச்சுன்னு சொல்லிட்டுக் கிளம்பினவர், இன்னும் வீடு திரும்பல.

— அதுக்கு... அவ்வளவு பெரிய ஊர்ல, யார் எங்க யாரைத் தாண்டிப் போனாங்களோ. பஸ்ல ஒட்டியிருக்கும், ஹோட்டல்ல ஒட்டியிருக்கும். ஒரு எழுத்தை வெச்சு ஒரு மனுஷன் மேல பழி போடலாமா?

— நானும் அப்படித்தான்க்கா மனசைத் தேத்திக்கிட்டேன். அப்புறம் அந்த ஆஸ்பத்திரி அனுப்பின படிவத்துல அவர் பேருக்குக் கீழ் வரியைப் பாத்தேன். அவசரம்னா கூப்பிட வேண்டிய ஆள்னு அங்க ஒரு போன் நம்பர் எழுதிக் குடுத்திருக்கார். அது என்னோடது இல்ல, உங்களோடது.