இரண்டு மேசைகளும் ஒரு கைப்பிடியும்

— "இதனால் இம்மண்டலத்துப் பொதுமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், நேற்றுவரை வெவ்வேறு திசை பார்த்துக் கிடந்த நோயும் முதுமையும் இன்று காலை பத்து மணி முதல் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரப்படுகின்றன." எப்படி இருக்கு சிஸ்டர்? மனசுல பட்டதைச் சொல்லுங்க.

— நோயும் முதுமையும் எப்பவும் ஒண்ணாத்தான் சார் இருந்துச்சு. ஆபீஸ்தான் ரெண்டா இருந்துச்சு.

— அதைத்தான் நானும் சொல்ல வர்றேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு இயக்குநர், வீட்டுப் பராமரிப்புக்கு ஒரு இயக்குநர். பன்னிரண்டு வருஷம் ரெண்டு பேரும் லிஃப்ட்ல பாத்தாக்கூடச் சிரிச்சுக்கிட்டதில்ல. இப்ப மூணு மாசமா ரெண்டு பதவிக்கும் நான் ஒருத்தன்தான். அதுக்குத்தான் இன்னிக்கு விழா. வரலாறு சிஸ்டர், வரலாறு.

— சரிங்க சார். நான் பதினாலாம் படுக்கைத் தபால்காரர் விஷயமா வந்தேன்.

— நானும் அவருக்காகத்தான் உங்களை வரச் சொன்னேன். மேடையில நிக்க ஒரு முதல் பயனாளி வேணும். உங்க வார்டுலயே ரொம்ப நாளா இருக்கறவர் அவர்தானாமே. பல்லு இருக்கா? போட்டோவுல சிரிக்கணும்.

— பல்லெல்லாம் முழுசா இருக்கு சார். சிரிக்கத்தான் காரணம் இல்ல. முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு ஒன்பதாவது நாளே டாக்டர் வீட்டுக்குப் போகலாம்னு எழுதிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. வீட்டுக் கக்கூஸ்ல பிடிச்சு எந்திரிக்க ஒரு கைப்பிடி இருக்கணும். அதுக்கு உங்க ஆபீஸ் அனுமதி வரணும். இன்னிக்கு நாப்பத்தஞ்சாவது நாள்.

— நாப்பத்தஞ்சா? அப்போ ஒருத்தரை வார்டுல வச்சிருக்கற கெடு இன்னிக்கோட முடியுதே.

— முடியுது சார். சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி வந்துரும். மூணு மணி நேரம் தள்ளி இருக்கற நெடுநாள் பராமரிப்பு இல்லத்துல கொண்டுபோய் விட்டுருவாங்க. அங்க போனவங்க திரும்பி வந்து நான் பாத்ததில்ல. இவர் வீடு நம்ம பின்சந்துலயே இருக்கு சார். வார்டு ஜன்னல்ல நின்னா அவங்க வீட்டுத் துணிக்கொடி தெரியும். தினமும் காலையில அவர் சம்சாரம் துணி காயப்போட வரும்போது இவர் இங்கேர்ந்து கை காட்டுவார். அவங்க அங்கேர்ந்து ஈரத்துண்டை ஆட்டுவாங்க. நாப்பது வருஷம் ஊருக்கெல்லாம் கடுதாசி கொண்டுபோய்க் கொடுத்த மனுஷன். தன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் இல்லைங்கறார்.

— நல்லா இருக்கே. இதை என் பேச்சுல சேத்துக்கலாமா?

— கையெழுத்துப் போட்டுட்டுச் சேத்துக்கங்க சார்.

— சிஸ்டர், நான் போட மாட்டேன்னு சொல்லலையே. நடைமுறையைக் கவனிக்கணும். இதோ, ஜன்னலோரம் இருக்கற மேசை ஆஸ்பத்திரியைப் பாக்கற நல்வாழ்வு இயக்குநருக்கு. அந்தச் சுவரோரம் இருக்கறது சமூகப் பராமரிப்பு இயக்குநருக்கு. நல்வாழ்வுலேர்ந்து உங்க மனு போச்சு. பராமரிப்புலேர்ந்து ஒரு விளக்கம் கேட்டாங்க. கைப்பிடி இடது பக்கமா, வலது பக்கமான்னு. அதுக்குப் பதில் வரல.

— யார் கேட்டது சார்?

— நான்தான்.

— யார் பதில் போடல?

— அதுவும் நான்தான். ரெண்டு நினைவூட்டல் அனுப்பினேன். ரெண்டாவது கொஞ்சம் காரமாவே எழுதிட்டேன். இந்தப் பக்கம் வந்து பிரிச்சுப் படிச்சா, எனக்கே மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. இப்படியா எழுதுவாங்க ஒரு சக அதிகாரிக்கு?

— வலது பக்கம்னு ஒரு வரி எழுதி அந்த மேசையில கொண்டுபோய் வச்சிடுங்களேன் சார். எட்டி வச்சா மூணு அடிதான்.

— தூரம் பிரச்சினை இல்ல. இவர் தனக்குத்தானே சலுகை காட்டிக்கிட்டார்னு நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது. பதில் சொல்ல இன்னும் பதினஞ்சு நாள் அவகாசம் இருக்கு. அவசரப்படுத்தினா நல்லா இருக்காது.

— யாரை சார்?

— என்னை.

— சரிங்க சார். அனுமதியே வந்தாலும் இப்ப பிரயோசனம் இல்ல. கடையில வாங்கினது செல்லாது, துறை முத்திரை அடிச்ச கைப்பிடிதான் வேணும்னு விதி. ஸ்டோர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. காலையில போய்ப் பாத்தா, நேத்து சாயங்காலமே யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னு ஸ்டோர்கீப்பர் கையை விரிக்கறார்.

— யாரோ இல்ல. நான்தான் வாங்கினேன்.

— உங்களுக்கும் முழங்காலா சார்?

— எனக்கில்ல, இன்னிக்குத் தலைமை விருந்தினருக்கு. ஐயாவுக்கு முழங்கால் தேஞ்சு போச்சு. மேடைக்கு ஆறு படி. நேத்து நாலு மணிக்குத் தகவல் வந்துச்சு, அஞ்சு மணிக்குப் படியோரம் கைப்பிடி நின்னுச்சு. இந்த மேசையில ஒரு கையெழுத்து, எந்திரிச்சுப் போய் அந்த மேசையில ஒரு கையெழுத்து. ஒருங்கிணைப்புன்னா இதுதான் சிஸ்டர்.

— அப்போ இடது, வலதுன்னு விளக்கம் கேக்கலையா சார்?

— ஐயாகிட்ட எப்படிக் கேக்கறது? மரியாதை இல்லையா. சீட்டுல அவர் பேரைக்கூட நான் எழுதல. பெரிய மனுஷன் முழங்காலைப் பத்தி ஸ்டோர்ல நாலு பேர் பேசக் கூடாது பாருங்க. இதோ நகல். எவ்வளவு நாசூக்கா எழுதியிருக்கேன், படிங்க.

— "முழங்கால் இயலாமையால் அவதியுறும் மூத்தவர் ஒருவர் ஏறி இறங்கும், அமர்ந்து எழும் வசதிக்காக, முத்திரையிட்ட கைப்பிடி ஒன்றை உடனடியாக வழங்கி, அவருக்கு ஏற்ற இடத்தில் பொருத்தித் தருக." ரெண்டு கையெழுத்து, ரெண்டு முத்திரை. அவ்வளவுதானா சார்?

— அவ்வளவுதான். ரத்தினச் சுருக்கம்.

— ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார்.

— நீங்க பாராட்டி நான் இதுவரைக்கும் கேட்டதில்லையே.

— இதுவரைக்கும் இப்படி எதுவும் நீங்க எழுதலையே சார். இந்தச் சீட்டை நான் வச்சுக்கலாமா? வேலைன்னா எப்படி முடியணும்னு எங்க வார்டுப் பிள்ளைங்களுக்குக் காட்டணும்.

— தாராளமா வச்சுக்கங்க.

— ஒரு போன் பேசிக்கறேன் சார். ஹலோ, ஃபிட்டர் அண்ணே. நேத்து ஒரு வேலை செஞ்சீங்களாமே. ஆமா, அதேதான். அதுல இடம் கொஞ்சம் மாறுது. இல்லண்ணே, என் வாய்ப்பேச்சு வேணாம், ரெண்டு கையெழுத்தோட சீட்டு என் கையில இருக்கு. திருப்புளியோட வார்டுக்குப் போங்க, பதினாலாம் நம்பர் வழி காட்டுவார். ம். வலது பக்கம்.

— என்ன வேலை?

— ஒரு சின்ன ரிப்பேர் சார். உங்க போனும் அடிக்குது பாருங்க.

— வணக்கம் ஐயா. கிளம்பிட்டீங்களா? ஓ, இன்னும் குளிக்கலையா. பரவால்லைங்க ஐயா, நிதானமா வாங்க. பன்னிரண்டா? பன்னிரண்டு ரொம்பப் பொருத்தமான நேரம் ஐயா. வச்சுடறேன். சிஸ்டர், வரலாறு ரெண்டு மணி நேரம் தள்ளிப்போகுது.

— நல்லதாப் போச்சு சார். உங்க பேச்சை முதல்லேர்ந்து ஒரு தடவை வாசிங்களேன், கேக்கறேன்.

— முழுசாவா? பதினொரு பக்கம் இருக்கு.

— நிறுத்தி நிதானமா வாசிங்க சார்.

— உண்மையாச் சொல்றேன் சிஸ்டர், என் வீட்ல நான் ரெண்டாம் பக்கத்தைத் தாண்டினதில்ல. அதுக்குள்ள பருப்பு தீயுதுன்னு எந்திரிச்சுப் போயிடுவா. உக்காருங்க, உக்காருங்க. "இதனால் இம்மண்டலத்துப் பொதுமக்கள் அனைவருக்கும்..." கீழ என்ன, திருகு கழட்டற மாதிரி சத்தம்?

— மேடையில ஏதோ சரி பண்றாங்க போல. ஜன்னலைச் சாத்திடறேன் சார், உங்க குரல் அமுங்குது.

— நன்றி. "...அறிவிப்பது யாதெனில்..."

— ம்.

— "...எட்டாவதாக, இனி எந்த முதியவரும் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு அலையத் தேவையில்லை. மேசைகளே அவரைத் தேடி வரும்." தூங்கிட்டீங்களா?

— இல்ல சார், கண்ணை மூடிக்கிட்டு ரசிக்கறேன். ஒரு நிமிஷம், போன் வருது. சொல்லுங்கண்ணே. இறுக்கிட்டீங்களா? ஆட்டிப் பாத்தீங்களா? தொங்கியே பாத்தீங்களா, சரி சரி. டாக்டர் நேர்ல வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாரா? ரொம்பச் சந்தோஷம்ணே. நீங்க மேசைகள்ல நிறுத்தினீங்க சார்.

— ரிப்பேர் முடிஞ்சுதா?

— முடிஞ்சுது சார். இப்போதான் எனக்கு மூச்சே வருது.

— என் பேச்சு பலருக்கு அப்படி ஒரு நிம்மதியைக் கொடுக்கும். அடடே, மணி பன்னிரண்டு. வாங்க, கீழ போலாம். நடையில எப்பவும் தள்ளுவண்டியில ஒரு அம்மா படுத்திருப்பாங்களே, இடுப்பு எலும்பு உடைஞ்சவங்க. விழாவுக்காக அவங்களை மறைச்சு வைக்கச் சொன்னீங்களா?

— மறைக்கல சார். அவங்களுக்குப் படுக்கை கிடைச்சிருச்சு.

— பாத்தீங்களா, திறக்கறதுக்கு முன்னாடியே பலன் தெரியுது. வணக்கம் ஐயா, வாங்க, வாங்க. கார்லேர்ந்து மெதுவா இறங்குங்க. மேடை இந்தப் பக்கம்.

— என்ன தம்பி, ஆறு படி இருக்கு, பிடிச்சு ஏற ஒண்ணையும் காணோம். கைப்பிடி போட்டாச்சுன்னு நேத்து போன்ல சொன்னீங்க?

— போட்டாச்சு ஐயா. இங்கதான். இங்கதானே... நாலு ஓட்டை மட்டும் இருக்கு.

— ஓட்டையைப் பிடிச்சுக்கிட்டு நான் எங்க ஏறறது? விடுங்க, கீழயே ஒரு நாற்காலி போடுங்க. உங்க பேச்சு எத்தனை பக்கம்?

— பதினொண்ணு ஐயா.

— அதை வீட்டுக்கு அனுப்பிடுங்க, படிச்சுக்கறேன். அந்த முதல் பயனாளியை வரச் சொல்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு நான் கிளம்பறேன்.

— இதோ ஐயா. சிஸ்டர், கொஞ்சம் இப்படி வாங்க. நான் பதட்டப்படல. ரெண்டே கேள்வி. கைப்பிடி எங்க? தபால்காரர் எங்க?

— ரெண்டும் ஒரே கூரையின் கீழதான் சார் இருக்கு. அவர் வீட்டுக் கக்கூஸ்ல.