சத்தமில்லாத முப்பது விநாடி

இந்த நாற்காலி ஆடுகிறது, லெஃப்டினன்ட். பரவாயில்லை, இப்படியே உட்கார்ந்துகொள்கிறேன். வெர்லீன் டக்கெட்டின் மகள் போட்ட வழக்கைப் போன மாதமே நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். மேல்முறையீடும் கிடையாது. துறை விசாரணை என்று கட்டாயப்படுத்தி இந்த அறையில் நீங்கள் சொல்லவைப்பதைக் கிரிமினல் வழக்கில் எனக்கு எதிராகக் காட்டவும் முடியாது. வேலையை விட்டு எடுப்பீர்கள். எடுங்கள், வருகிற வெள்ளிக்கிழமையோடு நானே பணி ஓய்வு பெறுகிறேன். கேட்டதைச் சொல்கிறேன்.

விடுமுறை நாளான சனிக்கிழமைகளில், வாடகை வீடுகளைக் காலி செய்கிற ஒரு கம்பெனிக்காக யூனிஃபார்மோடு போய் நிற்பேன். மேலிடத்து அனுமதியோடுதான். நம்மில் பாதிப்பேர் செய்கிறோம். அங்கே நான் கம்பெனியின் காவலாள் மட்டும் என்றால், யாருக்காவது அடிபட்டால் நான்தான் மாட்டுவேன். சட்டையிலுள்ள கேமராவை அமுக்கி, "போலீஸ்" என்று சொல்லிவிட்டால் நான் பணியில் இருக்கிற அதிகாரி. பிறகு யாரும் என்னைத் தொட முடியாது. தெரியாமல் தப்பு செய்தால்கூடச் சட்டம் காப்பாற்றும். தெரிந்தே செய்தால்தான் காப்பாற்றாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

அது பிப்ரவரி. ஏரிக்காற்று முகத்தை அறுத்தது. மூன்றாவது மாடிக்கு வெளிப்பக்கமாக இரும்புப் படி, படியெல்லாம் பனி உறைந்திருந்தது. ஏறும்போது எனக்கே ஒருமுறை கால் வழுக்கியது. சாமான் தூக்க வந்த நான்கு பேரும் கீழே லாரியோடு நின்றார்கள்.

அந்த அம்மாள், வெர்லீன் டக்கெட், கதவைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். புதன்கிழமை வரை காலி செய்யக் கூடாது என்று நீதிமன்றம் முந்தின நாள் போட்ட தடை. முழுவதும் படித்தேன். முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் சரி. கம்பெனிக்கு அது திங்கட்கிழமைதான் தபாலில் போய்ச் சேர்ந்தது.

கீழேயிருந்து லானி, தூக்குகிற ஆட்களின் தலைவன், கத்தினான். "என்ன ஆபீசர், கிழவி சீட்டு காட்டினா வாலச் சுருட்டிக்கிட்டு எறங்கிருவியா? இங்க நாங்க வெறைச்சுச் சாகறோம்யா!" மற்றவர்கள் சிரித்தார்கள்.

கம்பெனிக்காகப் போன பதினோரு வருஷத்தில் எந்த வாசலிலிருந்தும் நான் திரும்பி இறங்கியதில்லை. காரணம் அவ்வளவுதான். நீங்கள் இதைவிடப் பெரியதாக ஏதோ தேடுகிறீர்கள். இல்லை.

கேமராவின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். அமுக்கினால், அதற்கு முந்தைய முப்பது விநாடியையும் சேர்த்து வைத்துக்கொள்ளும், படம் மட்டும், சத்தம் கிடையாது. அந்தப் படத்தில் காகிதம் இருக்கக் கூடாது. மடித்துக் கோட்டுப் பையில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. பிறகு அவளோடு பேச்சுக் கொடுத்தேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டினாளாம், முட்டி போனதும் விட்டுவிட்டாளாம். மனசுக்குள் நாற்பது வரை எண்ணினேன். பத்து அதிகம்தான், நான் எதிலும் கொஞ்சம் ஜாக்கிரதை.

அப்புறம் அமுக்கினேன். "போலீஸ். வெளியே வாங்க" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். அப்படியே இழுத்துவந்து, படி தொடங்குகிற இடத்தில் கையை விட்டேன். காலில் வீட்டுச் செருப்பு. அவள் கீழ்மாடி வளைவு வரை போய் விழுந்தாள். மூச்சு அங்கேயே நின்றுவிட்டது. தள்ளினேனா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். தள்ள அவசியமில்லை. கையை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், விட்டேன்.

நீதிமன்றத்தில் அந்தப் படத்தைப் போட்டார்கள். சத்தமில்லாத அரை நிமிஷத்தில் அவள் சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன். அதிகாரி தொடக்கத்தில் கண்ணியமாகவே நடந்துகொண்டார் என்று நீதிபதி தீர்ப்பில் எழுதினார். அப்போது அவள் என்னதான் சொன்னாள் என்று மகள் என்னைப் பார்த்துக் கேட்டாள். வக்கீல் பதில் சொல்ல விடவில்லை. இப்போது நீங்கள் கேட்கிறீர்கள்.

"இதையெல்லாம் யாரு கண்ணு படிக்கிறா? நீ பொறுமையா முழுசும் படிச்சியே, நல்லாயிருப்ப. வெளியில நிக்காத, உள்ள வா. மக்காச்சோளக் கஞ்சி சூடா இருக்கு, ஒரு வாய் குடிச்சிட்டுப் போ" என்றாள்.

நான் மரியாதையாக மறுத்துவிட்டேன். யூனிஃபார்ம் போட்டிருக்கும்போது பொதுமக்களிடம் எதையும் வாங்கிச் சாப்பிடுவதில்லை. அந்த விஷயத்தில் நான் ரொம்பச் சுத்தம், லெஃப்டினன்ட்.