வள்ளிக்குச் சுற்றிப்போட்ட மிளகாய்

அன்று மத்தியானம் வீட்டில் மூன்று பேர் இருந்தோம்: ஆறுச்சாமியாகிய நான், மனைவி மருதாத்தாள், மகள் வள்ளியாத்தாள். கொள்ளுப் பருப்பு நன்றாக அமைந்திருந்தது. வள்ளி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

அவள் தினமும் வாளையார் தாண்டி, கோயமுத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். பிறந்தது முதல் அவளுக்கு இழுப்பு. ஆராய்ச்சியும் அதைப் பற்றியதே. கினிப் பன்றியின் மூச்சுக்குழாயை வெட்டி உப்புநீரில் தொங்கவிடுவார்களாம்.

"மொளகாச் சாறு ஒரு சொட்டு உட்டாப் போதுமுங்கய்யா. நரம்பு நுனியில இருந்து பெப்டைடுன்னு ஒண்ணு கசியும். அது பட்டாத் தசை இறுகிக்கும்னு நெனைக்கறோம். அதுதான் அம்மா கண்ணு கழிக்கறப்ப நான் தோட்டத்துக்கு ஓடிப்போயர்றனுங்க."

நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

கை கழுவியதும், உடன் வேலை பார்க்கும் சித்திரபுரத்து அமிர்தநாதனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் யாரும் இனம் விட்டுக் கட்டிக்கொண்டதில்லை. அவனை விட்டுவிடச் சொன்னேன்.

"உங்க பிடிவாதந்தானுங்க எனக்கும்" என்று சிரித்தாள்.

பிள்ளைக்குக் கண் பட்டிருக்கிறது, சுற்றிப்போடு என்று மருதாத்தாளிடம் சொன்னேன்.

"அவளுக்கு நெடி ஆகாதுங்களே."

கண் பட்டிருந்தால் நெடி ஏறாது என்று நினைவூட்டினேன். மருதாத்தாளுக்கு அதில் நம்பிக்கை உண்டு. எனக்குக் கிடையாது.

நெருப்புச் சட்டியைச் சாமான் அறைக்குள் வைத்தேன். அவள் சுற்றித் தந்தது ஏழு மிளகாய். நான் மேலும் இரண்டு கை வற்றலை அள்ளிப் போட்டேன். வள்ளியின் மாத்திரைப் புட்டி என் இடுப்பில் இருந்தது. அவளைத் தலைமுடியைப் பிடித்து உள்ளே தள்ளினேன். நெற்றி சுவரில் மோதியது. கதவைச் சாத்தினேன்.

நெடி தாங்காமல் மருதாத்தாள் புழக்கடைக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இருமறாளே. அப்பக் கண்ணு படலீங்க. போதுமுங்க, வெளிய உட்ருங்க."

ஒவ்வோர் இருமலுக்கு நடுவிலும் வள்ளியிடம் கேட்டேன். "அவன் வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு கண்ணு." சொல்லியிருந்தால் திறந்திருப்பேன். நகத்தால் கதவைப் பிறாண்டினாளே தவிர, வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு பிடிவாதம்.

பிறகு சத்தம் இல்லை.

"இருமல் நின்னுருச்சுங்க" என்றாள் மருதாத்தாள், நிம்மதியாக. "கழிஞ்சுதாட்ட இருக்குதுங்க."

நான் கதவைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டதாக ஊரில் பேசுகிறார்கள். அது பொய். பெற்ற பிள்ளையை அப்படி விட்டுவிட்டுப் போகிற குடும்பம் அல்ல எங்களுடையது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. அவள் அடங்கும்வரை நான்தான் முதுகு கொடுத்து நின்றேன்.