லூப்புக்கு வெளியே ஒரு வரி

இந்த நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது, சார். ஆபீஸில் இப்படி ஒன்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு என் மனைவியின் அண்ணன்தான் தலைவர். வேலை அவர் வாங்கித் தந்தது. நாங்கள் குடியிருக்கும் மாடியும் அவருடையது. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அவர் புரோகிராம்களை அரைகுறையாக எழுதுவார். நான் ஓசைப்படாமல் திருத்துவேன். பாராட்டு அவருக்குப் போகும். ஒருமுறை, "வேலையை விட்டுடலாம்னு இருக்கேன் மச்சான்" என்றேன்.

"தாராளமா விடுங்க மாப்பிள்ளை. என் தங்கச்சியை எங்க குடிவைப்பீங்க?" என்று சிரித்தார். மனைவியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

சர்க்கரை நோய் வார்டுக்கு அவர் எழுதிய புரோகிராமில் வழக்கமான பிழை இருந்தது. வார்டு முழுவதற்கும் விவரப் பட்டியலாக ஒரு பெரிய டிக்‌ஷனரி. அதற்குள் ஒவ்வொரு படுக்கைக்கும் மருந்தும் அளவும் கொண்ட சின்ன டிக்‌ஷனரி. படுக்கை படுக்கையாகத் திரும்பத் திரும்ப ஓடும் லூப் சுற்றும் ஒவ்வொரு தடவையும் சின்னதைப் புதிதாக உருவாக்க வேண்டும். அவர் லூப்புக்கு வெளியே ஒரே ஒருமுறை உருவாக்கியிருந்தார். அதனால் எல்லாப் படுக்கைகளும் அந்த ஒன்றையே பகிர்ந்துகொண்டன. கடைசி நோயாளியின் அளவையே எல்லோருக்கும் காட்டியது. அந்தக் கடைசி நோயாளிக்கு இன்சுலின் மிக அதிகம்.

அந்த வரியை லூப்புக்குள் நகர்த்தி ஓட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. பிறகு பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். நான் எதையும் கெடுக்கவில்லை, சார். அவர் எழுதியதை அவர் எழுதியபடி விட்டேன். அவர் பெயர் கெட்டால் நான் மூச்சுவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் வார்டிலிருந்து நர்ஸ் போன் செய்தார். "எல்லாருக்கும் ஒரே அளவு வருதே, சரிதானா சார்?"

"ஸ்கிரீன்ல இருக்கிறதையே போடுங்க சிஸ்டர்."

அந்தப் பேச்சு பதிவாகியிருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் மறைக்க ஒன்றுமில்லை. மதியத்துக்குள் பலர் நினைவிழந்தார்கள். நான்கு பேர் கண் விழிக்கவே இல்லை. மச்சானைக் கைது செய்து அழைத்துப் போனீர்கள். ஆஸ்பத்திரியில் அவருடைய பதவியை என் தலையில் கட்டினார்கள். வேறு வீடு பார்க்கலாம் என்றேன். "அண்ணன் வர்ற வரைக்கும் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

உயிர் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, சார். டாக்டர் யாராவது கவனித்து நிறுத்திவிடுவார் என்றுதான் நம்பினேன். அதே வார்டில் படுத்திருந்த மாமியாரை மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, முந்தின நாளே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.