பாப்ளினுக்குப் போட்ட ஊசி

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஊரில் பெரிய விஷயமாகப் பேசுவார்கள். மணி கட்டுவது ஒன்றும் பிரமாதமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அதன் மூத்திரத்தைப் பிடிப்பதுதான் வித்தை.

பூனை ஒதுங்க மண் போட்டு வைக்கும் தட்டில் பிடிக்க முடியாது, மண்ணே குடித்துவிடும். நான் தட்டைக் கழுவிப் புளியங்கொட்டையைப் பரப்பி வைத்தேன். என் பூனை பாப்ளின் முதல் நாள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். அடக்க முடியாமல் போனதும் வழிக்கு வந்தான். பிறகு தட்டைச் சாய்த்து, பேனாவுக்கு மை போடும் பில்லரால் உறிஞ்சி, டெஸ்ட் டியூபில் இருக்கும் நீல மருந்தில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம்போல இருக்கிறது, பயமில்லை. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் சிவப்புக்குப் போய்விட்டால் நிலைமை மோசம். ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறதா என்று வீட்டிலிருந்தபடியே தெரிந்துகொள்ள எங்களுக்கு இருந்தது இந்த ஒரு வழிதான்.

பூனைக்குமா சர்க்கரை வியாதி என்று நீங்கள் சிரிக்கலாம். கால்நடை டாக்டரும் முதலில் சிரித்தார். தட்டில் எறும்பு மொய்க்கிறது, தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறான், பின்னங்காலைத் தரையோடு தேய்த்து நடக்கிறான் என்று நான் வரிசையாகச் சொன்னதும், சிரிப்பை நிறுத்திவிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். இந்த அடையாளங்களெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வீட்டில்தான் ஏற்கெனவே ஒரு சர்க்கரைக்காரர் இருந்தாரே.

என் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்லும் வழக்கமில்லை. உங்கள் காகிதத்தில் இருக்கும். தி. நகரில் அவர் ஜவுளிக்கடை தெரியாதவர்கள் குறைவு. புடவைக்குக் கலர் பொருத்திச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று மயிலாப்பூர், அடையாறிலிருந்தெல்லாம் காரில் வருவார்கள். அவருக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான், ஐயா. பிறவியிலேயே அப்படி. நீலம் ஒன்றைத்தான் தடுமாறாமல் சொல்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்வேன், அவர் உரக்கச் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதுதான் உத்தியோகம். பிள்ளை இல்லாதவளுக்கு அது பெரிய காரியம். கடையில் இருக்கும்போது நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு அவருடைய தம்பி நல்லசிவம் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்தார். அவருக்கு நல்ல கண்.

"ஏளா, இனிம நீ வீட்டுலயே இரு. தம்பி பாத்துக்கிடுவான். பொம்பளைக்குக் கடையில என்ன சோலி?" என்றார் இவர்.

கடைச் சரக்கறையில் பாப்ளின் துணிக்கட்டின்மேல் பிறந்து கிடந்த குட்டியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதனால்தான் அவனுக்கு அந்தப் பெயர். கொழுகொழுவென்று வளர்ந்தான்.

சில வருஷம் கழித்து இவருக்குச் சர்க்கரை வந்தது. ஊசியும் போட வேண்டும், தினம் டியூபில் கலரும் பார்க்க வேண்டும். மூத்திரத்தைத் தூக்கித் தம்பியிடம் காட்ட முடியுமா? காலையில் சமையலறை வாசலில் நின்று, "என்னளா கலரு?" என்று என்னைக் கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று, மறைக்கமாட்டேன்.

பாப்ளினுக்கும் ஊசி என்று டாக்டர் சொன்னதும் முறையாக இவரிடம்தான் போய்க் கேட்டேன்.

"பூனைக்கு இன்சுலினா? ஊரு சிரிக்கும். சாக்குல கட்டிச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் விட்டுட்டு வரச் சொல்லுதேன்" என்றார்.

அப்புறம் நான் கேட்கவில்லை. இருப்பதை வைத்துப் பங்கிடுவது குடும்பப் பெண்ணுக்குப் புதிதா? அந்த மருந்து பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். இவருடைய பாட்டிலிலிருந்து பூனைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, குறைந்த இடத்தைக் காய்ச்சி ஆற்றிய தண்ணீரால் நிரப்பிவைத்தேன். ஆனால் அப்படித் தண்ணீர் கலந்த மருந்து பூனைக்குச் சரியாக வேலை செய்யவில்லை. அதனால் நல்ல மருந்து முழுவதையும் வேறு பாட்டிலுக்கு மாற்றிவிட்டு, இவருடையதில் தண்ணீரை மட்டும் வைத்தேன். பாப்ளின் காலை ஊன்றி நடக்க ஆரம்பித்தான். ஒரு நாள் ஜன்னல்மேலேயே தாவி ஏறிவிட்டான்.

அன்று அந்த ஜன்னலில் இரண்டு டியூபும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பாப்ளினுடையது இளம்பச்சை. இவருடையது சுட்ட செங்கல். இவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து குனிந்து இரண்டையும் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு?"

"ஆமா, ரெண்டும் பச்சைதான்" என்றேன்.

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சாயங்காலம் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தார். சந்தோஷமாகச் சாப்பிடுகிறவரைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. இவருடைய டாக்டர், வீட்டில் என்ன கலர் வருகிறது என்று கேட்டபோதும் பச்சை என்றுதான் சொன்னேன். ரத்தப் பரிசோதனைக்கு அவர் எழுதிக்கொடுத்ததை, பச்சைதானே வருகிறது என்று இவரே தள்ளிப்போட்டார். அதற்கு என்னைக் குறை சொல்லக்கூடாது.

குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். மெட்ராஸ் வெயிலில் யாருக்குத்தான் தாகம் இல்லை? வேட்டி இடுப்பில் நிற்காமல் போயிற்று. இளைத்தது அழகாக இருக்கிறது என்றேன். வேலைக்காரி ரத்னாதான் ஒரு தடவை, "இன்னாம்மா, ஐயா பாத்ரூமு பூரா எறும்பா கீது?" என்று வந்து நின்றாள். பினாயில் கொஞ்சம் தாராளமாக ஊற்றச் சொன்னேன். செருப்புக் கடித்த புண் ஆறவில்லை, கால் கறுத்தது. கடைசியில் நினைவு தப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதுவரை ஒரு வேளை ஊசியும் நான் தவறவிட்டதில்லை. சிரிஞ்சைக் கொதிக்கவைத்துத்தான் போட்டேன்.

நல்லசிவத்துக்குச் சந்தேகம் வந்ததும், நீங்கள் பாட்டிலை எடுத்துப்போய்ச் சோதித்ததும் சரிதான். அதில் இருந்தது தண்ணீர். மாற்றியது நான். டியூபின் கலரை மாற்றிச் சொன்னதும் நான். எல்லாம் அந்த வாயில்லா ஜீவனுக்காகச் செய்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பாப்ளின் எப்போது செத்தான் என்றா கேட்கிறீர்கள்? அவன் பங்குனியிலேயே போய்விட்டான். வயதாகிவிட்டது, தூக்கத்தில் போனான். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இவர் போனது ஆடியில்.

நடுவில் வாங்கிய மருந்து என்ன ஆயிற்று என்றால், வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு வழக்கம்போலத் தண்ணீர் நிரப்பிவைத்தேன். கைப்பழக்கம்தான், ஐயா. வேறொன்றும் இல்லை.